மாலைக் கையெழுத்து

1

முற்றும்.

மன்னிக்கவும், இதை முதலிலேயே போட்டுவைத்தேன். ஏன் என்பது மூன்றாம் பகுதியில் தெரியும். கதை பிறந்தது சித்தி வீட்டில். "உனக்குத்தான் எழுத வருமே, சித்தப்பா பேரை நினைவுக் கல்லுல சேர்க்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுடா" என்றாள். எழுத உட்கார்ந்ததும் சந்தேகம் வந்தது. மனுவில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் கதை.

2

தொடக்கம் ஒன்று: 'கடமையே உயிரென வாழ்ந்த மாமனி

(வேண்டாம். சித்தப்பா குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவர். லீவுக்காக, உயிரோடிருக்கும் என் தாத்தாவை இரண்டு முறை சாகடித்தவர்.)

தொடக்கம் இரண்டு: மாலை ஆறேகாலுக்கு, இறுகிப்போன வால்வைத் திருகக் குழிக்குள் இறங்கினார். உள்ளே விஷவாயு. ஏறி வரவில்லை.

(இது இருக்கட்டும்.)

பணியில் இறந்தவர்களுக்காக அலுவலக வாசலில் கல் நட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு. ஒன்பது பெயர்கள். சித்தப்பா இல்லை.

3

தலைமை எழுத்தர் வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க தம்பி. அன்னைக்கு அஞ்சு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டார். செத்தது ஆறேகால்."

"அப்புறம் எதுக்கு சார் குழிக்குள்ள இறங்கினார்?"

"அதைத்தான் நாங்களும் கேக்குறோம்."

(நானும் சித்தப்பாவைத்தான் சந்தேகப்பட்டேன். ஐந்து மணிக்கு மேல் வேலை பார்ப்பது அவர் குணமே இல்லை.)

அவர் போன் பேசத் திரும்பியதும் இன்றைய பக்கத்தைப் புரட்டினேன். மணி காலை பதினொன்று. 'வெளியேறிய நேரம்: 5.00' என்ற கட்டத்தில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். வரும்போதே போகிற கையெழுத்தையும் போட்டுவிடுவது அங்கே வழக்கம். முதல் கையெழுத்து தலைமை எழுத்தருடையது. படம் எடுத்துக்கொண்டேன்.

4

சித்தி அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"இதைக் காட்டினா பேரு வந்துருமா?"

"வரும். பன்னிரண்டு பேருக்கும் சஸ்பென்ஷனும் வரும்."

"இதுல மூணு பேருடா, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு இறங்கி அவரைத் தூக்கினவங்க." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா ஒருத்தன் வாயைத் திறக்கல பாரு."

அதன்பின் அவள் ஒரு முடிவுக்கு வந்தவளாய்

(வரவில்லை.)

5

முடிவு அ: படத்தை அனுப்புகிறேன். பத்தாவது பெயர் ஏறுகிறது. சித்தி வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

முடிவு ஆ: அனுப்பவில்லை. கல்லுக்கு நல்ல பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

இன்று வியாழன். ஒன்பதாவது பெயருக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்தேன். படத்தை உங்களிடம் கொடுத்துவிட்டேன். இனி என்ன நடந்தாலும் என்னைக் கேட்காதீர்கள். மேலே, முதல் வரியைப் பாருங்கள். பதிவேட்டின்படி நான் அப்போதே கிளம்பிவிட்டேன்.