காலியாக வந்த கட்டம்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் நவமணி. அவர் பக்கம் நின்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா போய்க் காசிவிஸ்வநாதன் பக்கத்தில் நின்றுகொண்டது. வெட்கப்படுகிறவன் அருகே நிற்பதே கதை எழுதுகிறவனுக்கு வசதி போலிருக்கிறது.

முதல் தொடக்கம்: “1987ஆம் ஆண்டு, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் கணினி யுகம் —”

(வேண்டாம். திறப்பு விழா மலர் மாதிரி இருக்கிறது.)

2

ஈப்போ, பத்து காஜா, லூமுட் மூன்று ஊரிலும் ஒரே முதலாளிக்குக் கிளினிக் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர். நோயாளியின் விவரத்தை ஒன்றில் மாற்றினால், டெலிபோன் கம்பி வழியாக மற்ற இரண்டும் தம்மைத் திருத்திக்கொள்ளும். மூன்றையும் கட்டி மேய்த்தவர் காசிவிஸ்வநாதன்.

அந்த வாரம் புதிய மென்பொருள் ஏற்றினார். லூமுட் மட்டும் பாக்கி. புதியதில் ‘ஆகாத மருந்து’ என்று தனிக் கட்டம் உண்டு; கம்ப்யூட்டர் ஆபரேட்டர்கள் பழைய அட்டைகளைப் பார்த்து அதை நிரப்பியிருந்தார்கள். பழையதற்கு அப்படியொரு கட்டம் இருப்பதே தெரியாது. லூமுட்டில் ஒருவர் பெயரைத் தொட்டால் போதும், அவருடைய விவரம், அந்தக் கட்டம் மட்டும் காலியாக, மற்ற இரண்டு ஊரிலும் போய் உட்கார்ந்துவிடும்.

அதை அவர் மதியமே பார்த்துவிட்டார். எல்லாவற்றையும் நிறுத்தி, கட்டம் நிரம்பியதும் நகலெடுத்து வைத்த பழைய டேப்பை ஏற்றியிருக்கலாம். ஆனால் ஒரு சிக்கலும் வராது என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்தார். ‘நாளைக்கு லூமுட்டும் முடிஞ்சா சரியாயிடும்.’*

* இங்கே அவருக்காக ‘களைப்பு’ என்றொரு சாக்கு எழுதி அடித்துவிட்டேன். அவர் களைப்பாக இல்லை.

3

செல்லாயி முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவர். இப்போது பத்து காஜாவில் சாப்பாட்டுக்கடை வேலை. அதே வாரம் மகளைப் பார்க்க லூமுட் போனபோது அங்கே இருமல் மருந்து வாங்கியிருந்தார். ஊர் திரும்பி, காசிவிஸ்வநாதன் டேப்பை ஏற்றாமல் விட்ட அன்று சாயந்திரம், காலில் சீழ்க்கட்டியோடு பத்து காஜா கிளினிக்குக்கு வந்தார். ஆபரேட்டர் நவமணி திரையைப் பார்த்தார். கட்டம் காலி. டாக்டர் பென்சிலின் போட்டார்.

முகம் வீங்கியது. மூச்சு அடைத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்தார்.

மறுநாள் பத்து காஜாவுக்கு வந்த காசிவிஸ்வநாதன், நவமணியின் மேசையிலிருந்தே முதலாளிக்குப் போன் செய்தார்.

“ஆபரேட்டர் கட்டத்துல தட்டாம விட்டிருக்கலாம் பாஸ்.”

நவமணி பக்கத்தில்தான் நின்றார்.

“அண்ணே, நான் தட்டினேன்லா. நீங்களே பார்த்தீங்க.”

அவர் போனை வைக்கவில்லை. பேச்சு முடிந்த பிறகும் காதிலேயே வைத்திருந்தார்.

4

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். செல்லாயி எழுந்து உட்கார முயன்றார்.

“தம்பி, மன்னிச்சிருங்க. அந்த ஊசி ஆவாதுன்னு நான்தான் வாயத் தொறந்து சொல்லியிருக்கணும். கம்ப்யூட்டர்ல இருக்குமேன்னு பேசாம இருந்துட்டேன். இந்தப் பொண்ணு மேல பழி விழுந்துருச்சாம்லா. பாவம், என்னால.”

நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டார். காசிவிஸ்வநாதனுக்குக் காது மடல் வரை சுட்டது. கட்டிலின் இரும்பைப் பற்றிக்கொண்டார்.

“அக்கா, அது வந்து —”

5

ஒரு முடிவு: அவர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். செல்லாயி மன்னிக்கிறார். இதை எழுதி நவமணியிடம் காட்டினேன். படித்துவிட்டு, “நீங்களாவது சொல்ல வச்சீங்களே” என்றார்.

நடந்த முடிவு: “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று முடித்தார். அன்றே பழைய டேப்பை ஏற்றினார். எல்லாருடைய ஆகாத மருந்துகளும் திரும்பி வந்தன. முதலாளி பறித்த வேலை மட்டும் நவமணிக்குத் திரும்பவில்லை.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ‘அது வந்து’ என்பதற்குப் பிறகு இடம் விட்டிருக்கிறேன். நீங்களே சொல்லுங்கள். ஆனால் செல்லாயியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நவமணியும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.