கண்ணால் பார்த்த வார்த்தைகள்

பெத்துராஜுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சங்கரன்கோவிலில் எவனும் சொல்ல முடியாது. பி.ஏ. படித்துவிட்டுப் பஞ்சுக் கமிஷன் கடையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் மதராஸில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு இன்டர்வியூ போய், சரியான சொல் கிடைக்காமல் திக்கித் திரும்பினார். மறு வருஷமும் ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. வெள்ளைக்காரன் போன பிறகும் அவன் பாஷைக்குத்தான் சம்பளம்.

காலேஜில் ஒரு புரொபசர் சொன்ன வழி அவருக்கு நினைவு வந்தது. அகராதியை நெட்டுருப் போடக் கூடாது. புதுச் சொல்லுக்குப் பொருத்தமானதைக் கண்ணால் பார்த்து, அங்கேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் அதையே போய்ப் பார்க்க வேண்டும். அப்படிப் படித்தது சாகும்வரை மறக்காது.

கடைவீதியில் மாட்டைப் பார்த்து இங்கிலீஷ் பேசினால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. அதனால் வீட்டோடு நிறுத்திக்கொண்டார். வீட்டில் பார்ப்பதற்கு மனைவி தங்கத்தாய் ஒருத்திதான். ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததிலிருந்து அவள் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்துக் கிடந்தாள்.

தோளெலும்பைப் பார்த்து "எமேஷியேட்டட்" என்றார். முகத்தைப் பார்த்து "பேலிட்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படி உற்றுப் பார்த்ததில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பாவி மகள், மெலிந்துபோனவள், வெளிறிப்போனவள் என்று அர்த்தம் தெரிந்த பிறகும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் கோயில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து பூசிவிட்டு, திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். இன்டர்வியூ முடியட்டும் என்றார் பெத்துராஜ். வேலை கிடைத்தால் மதராஸிலேயே பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று தங்கத்தாயும் அவர் பக்கமே பேசினாள்.

ஒரு நாள் காலை, கடைக்குக் கிளம்பியவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டினாள்.

"இங்கன பாருங்க, நகமெல்லாம் நீலமா இருக்கு. இதுக்கு ஒரு வார்த்தை இருக்கா?"

பார்த்தார். ஓடினார். டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. அவர் ஓடியது அகராதி இருந்த அறைக்கு. சொல் கிடைத்துவிட்டது. "லிவிட்" என்று வந்து சொன்னார்; நீலம் பாரித்தது என்று அர்த்தம். மூச்சு வாங்கிக்கொண்டே அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"மறந்துராதீக," என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

மத்தியானம் ஆவுடையம்மாள் ஆள் அனுப்பினாள். டாக்டரைக் கூட்டிக்கொண்டு அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் அவள் விரல்களைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது எப்போதிருந்து என்று கேட்டார். காலையிலேயே பார்த்ததாகச் சொன்னார் பெத்துராஜ்.

"பாத்துட்டு என்னய்யா செஞ்சீரு?"

பெத்துராஜ் போய் அகராதி இருந்த அறையின் கதவைச் சாத்தினார்.

காரியங்கள் முடிந்ததும் சொந்தக்காரர்கள் பிடித்துத் தள்ளாத குறையாக அவரை இன்டர்வியூவுக்கு ரயிலேற்றினார்கள். இந்த முறை திக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் சொல் வந்தது. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு தோளெலும்பு வந்தது, ஒரு முகம் வந்தது. வேலையும் கிடைத்தது.

மதராஸில் இப்போது அவரைக் கெட்டிக்காரர் என்கிறார்கள். எப்போதாவது ஒரு கோப்பில் அந்த நீலச் சொல் வந்துவிட்டால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறார். புரொபசர் சொன்னதில் பொய் இல்லை. தங்கத்தாய் கேட்டுக்கொண்டபடி அவர் மறக்கவே இல்லை.