விடைபெற்றுத் திரும்பியவர்

நெமோதோவுக்கு முப்பத்தோரு வயது. அதில் பதினோரு வருடத்தை ஒரு தண்ணீர்ப் பம்பு கம்பெனிக்கும் கால்பந்துக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்திருந்தார். காலையில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்து திருகாணிக்கும் ரப்பர் வளையத்துக்கும் ஆர்டர் போடுவார். இரண்டு மணி ஆனதும் எழுந்து, முன்னதாகக் கிளம்புவதற்கு எல்லோரிடமும் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடுவார். கம்பெனி அணியின் வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் அவர்தான். புல் முளைக்காத மைதானம். பார்க்க முந்நூறு பேர் வந்தால் அதிகம். அதிலும் பாதிப் பேர் மேலதிகாரி சொன்னாரே என்று வந்து வெயிலில் தூங்குபவர்கள்.

அந்த ஆட்டத்துக்குத் தொண்ணூற்றிரண்டில் யோகம் அடித்தது. ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக் வரப்போகிறது என்றார்கள். கம்பெனி அணி ஊர்ப் பெயரை மாட்டிக்கொண்டு கிளப் ஆனது. சட்டைக்குப் புது நிறம், அணிச் சின்னமாகப் பல்லைக் காட்டும் மீன் பொம்மை, தலைக்குச் சாயம் அடித்த பையன்கள். ஆட்டக்காரர்களுக்கு ஒரே கேள்விதான். வேலையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் ஆடுகிறாயா, பந்தை விட்டுவிட்டுக் கடைசிவரை நாற்காலியில் இருக்கிறாயா?

கிளப் மேலாளர் தெராஷிமா அவர் தோளைத் தட்டினார். "நீ இல்லாம ஒரு டீமாப்பா? மாசக் கடைசில வந்து ஒப்பந்தத்துல முத்திரை குத்திட்டுப் போ."

அங்கே கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரைதான். வேறு யாராக இருந்தாலும் முதலில் முத்திரை குத்திவிட்டு, பிறகு ராஜினாமா கொடுத்திருப்பார்கள். நெமோதோவுக்கு அது மரியாதைக்கேடாகப் பட்டது. இந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அந்த வீட்டுக் காகிதத்தில் எப்படி முத்திரை குத்துவது? ராஜினாமாக் கடிதத்தோடு பிரிவுத் தலைவர் முகையாமாவின் முன்னால் போய் நின்றார்.

"அங்க முடிச்சிட்டு வந்து இதைக் குடுக்கலாமே?"

"அது முறையில்லீங்க சார்."

முகையாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "மனுஷன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டார். மரியாதையாகக் குழியில் விழுகிறவனை இந்த ஊரில் யாரும் தடுப்பதில்லை, பாராட்டுவார்கள்.

மறுநாள் நாற்பது மேஜைக்கும் போய், ஆளுக்கொரு பயறு இனிப்பு வைத்து, நாற்பது தடவை குனிந்து விடைபெற்றார். மாலையில் பிரிவே சேர்ந்து பீர் வாங்கிக் கொடுத்து, கைகளை உயர்த்தி மூன்று முறை வாழ்த்து முழங்கி அனுப்பிவைத்தது.

நான்கு நாள் கழித்து கிளப்புக்குப் போனார். தெராஷிமா தானே டீ ஊற்றிக் கொடுத்தார்.

"பிரேசில்லேர்ந்து ஒருத்தர் வர்றாருப்பா. வால்டெசிர்னு பேரு. உன் இடந்தான். மேலிடத்து முடிவு, நான் என்ன பண்ண? நல்லவேளை, உனக்குக் கம்பெனி வேலை இருக்கு. அதனாலதான் தைரியமாச் சொல்றேன்."

"ஆமாங்க" என்றார் நெமோதோ. டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

வீட்டில் மனைவி சனாயே கேட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "வேலையை விட்டுட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"அவருக்குச் சங்கடமா இருக்குமேன்னு…"

"அவருக்கா?"

அவள்தான் முகையாமாவுக்குப் போன் போட்டாள். கடிதம் இன்னும் அவர் இழுப்பறையிலேயே இருந்தது. "திங்கக்கிழமை எப்பவும் போல வரச் சொல்லுங்கம்மா" என்றார் அவர்.

போனார். நாற்பது பேரும் காலை வணக்கம் சொன்னார்கள். ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. "என்னய்யா, தின்ன இனிப்பைத் திருப்பித் தரணுமா?" என்று ஒருத்தன் கிண்டல் அடித்திருந்தால் அவரும் சிரித்து, பாரத்தை அன்றோடு இறக்கி வைத்திருப்பார். அவ்வளவு இரக்கம் யாருக்கும் இல்லை. அவர் வருவதைப் பார்த்தால் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை மடித்து வைத்தார்கள். இரண்டு மணிக்குக் கால்கள் தாமாக எழும். கழிப்பறைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வருவார்.

அடுத்த வருடம் மே மாதம் லீக்கின் முதல் ஆட்டம். ஊழியர்கள் எல்லோரும் பிரிவு வாரியாக உட்கார்ந்து கொடி ஆட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

"உனக்கு ஜலதோஷம்னு எழுதிக்கறேன்" என்றார் முகையாமா, முகத்தைப் பார்க்காமல்.

"இல்ல சார், வர்றேன்."

பதினாலாயிரம் பேர் வந்திருந்தார்கள். தரை முழுக்கப் பச்சைப் புல். நெமோதோ முதலில் அந்தப் புல்லைத்தான் பார்த்தார், அதுவே தாங்கவில்லை. இருபதாவது நிமிடத்தில் வால்டெசிர் வலது ஓரமாகவே ஓடிப்போய், இரண்டு பேரை ஏமாற்றி, வளைத்து ஒரு பந்து அடித்தான். நடுவில் நின்றவன் தலையால் முட்டி கோலுக்குள் தள்ளினான். அரங்கமே எழுந்து கத்தியது.

அப்படி ஒரு பந்தைத் தன்னால் ஒருநாளும் அடித்திருக்க முடியாது என்று நெமோதோவுக்குத் தெரிந்தது. அந்தக் கசப்பை நிதானமாக விழுங்கக்கூட விடவில்லை. கொள்முதல் பிரிவு மட்டும் கொடியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. நாற்பது பேரும் ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தட்டாமல் இவர்கள் தட்டமாட்டார்கள்.

நெமோதோ எழுந்து நின்று கைதட்டினார். உடனே நாற்பது பேரும் தட்டினார்கள், அப்பாடா என்று, பலமாக, அவர் ஆடிய பதினோரு வருடத்தில் அவருக்காக ஒருநாளும் தட்டாத அளவுக்கு.