அக்காவின் கழுத்தில் ஒரு வெளிச்சம்

1

இந்தக் கதை என் அக்காவின் கழுத்தில் ஆரம்பித்தது. மார்பில் வந்த புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து, அது திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, உடம்பு முழுக்கப் படம் பிடிக்கிற பெட் ஸ்கேன் எடுத்தார்கள். மார்பு சுத்தம். யாரும் தேடாத கழுத்தில் என்னவோ மின்னியது.

[முதலில் எழுதிய தொடக்கம்: “வானம் விம்மி அழுதுகொண்டிருந்த அந்தக் காலையில்…” வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. அடித்துவிட்டேன்.]

2

ஸ்கேனுக்கு முன் கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றுவார்கள். உடம்பில் எந்த இடம் அதை அதிகம் தின்கிறதோ, அது படத்தில் மின்னும். புற்றுக்கட்டி பெருந்தீனிக்காரன். உழைக்கிற தசையும் லேசுப்பட்டதல்ல. அதனால் ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

பேசாமல். என் அக்கா.

“நான் எங்கடா பேசினேன்? பக்கத்து பெட்டு அம்மா ஏதோ கேட்டாங்க, பதில் சொன்னேன். பதில் சொல்றதெல்லாம் பேச்சாடா?”

“என்ன கேட்டாங்க?”

“மணி என்னன்னு.”

3

டாக்டர் திரையில் படத்தைக் காட்டினார். “குரல்வளைத் தசை ரெண்டு பக்கமும் மின்னுது பாருங்கம்மா, இது நீங்க பேசினது. ஆனா அதுக்குக் கீழ, தைராய்டுல ஒத்தைப் புள்ளி. இது பேச்சு இல்ல.”

“கொஞ்சம் சத்தமா பேசிட்டேன் டாக்டர். கீழ வரைக்கும் போயிருக்கும்.”

டாக்டர் சிரிக்கவில்லை. சாதாரணக் கட்டியாக இருக்கலாம், புதிதாக ஒரு புற்றாகவும் இருக்கலாம், ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.* எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது.

* கதையைப் படித்த அக்காவின் ஆட்சேபம்: “நானா? வாயையா? நம்புற மாதிரி எழுதுடா.”

4

ஊசிச் சோதனை முடிந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் சேதி இல்லை. அதற்குள் இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) சாதாரணக் கட்டிதான். அக்கா சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் ஃபோன் போடுகிறாள். பாதிப் பேர் ஃபோனை அணைத்துவைக்கிறார்கள்.

ஆ) புற்றுதான். மெதுவாக வளர்கிற வகை, அறுத்து எடுத்துவிடலாம். குரல் மட்டும் கொஞ்சம் கம்மிப்போகலாம் என்று டாக்டர் சொல்ல, அக்கா

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.]

இ) அக்காவே சொன்னது: “கதைக்குப் பரிசு கிடைச்சுது, மேடையில அக்கா ரெண்டு வார்த்தை பேசினாங்கன்னு முடி.” அந்த ரெண்டு வார்த்தைக்கு இந்தப் புத்தகம் தாங்காது.

5

எது சரி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்காவின் ஃபோன் அடிக்கிறது. ஆஸ்பத்திரி எண். ராங் நம்பரிடம்கூட அரை மணி நேரம் குசலம் விசாரிக்கிறவள், எடுக்காமல் என் முகத்தையே பார்க்கிறாள்.

“நீ எடுடா.”

எனக்கும் கை வரவில்லை. வாசகரே, நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்? எடுத்து ஒரு ஹலோ சொல்லுங்கள். நல்ல சேதி என்றால் ஃபோனை நேராக அவளிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எனக்கு மட்டும் கண்ணைக் காட்டுங்கள். அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.