ஜெரின் மூக்கில் தைலம்

டிசம்பர் பிறந்துவிட்டால் திருவொற்றியூரில் எந்தத் தாயும் பிள்ளையைக் காலையில் வாசலுக்குக்கூட விடமாட்டாள். பிள்ளைகளை வெளியே விடுவதற்கென்றே டிசம்பருக்காகக் காத்திருக்கிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். அவளிடம் போய் என் மகன் ஜெரினைச் சேர்த்தேன்.

மதி டீச்சர் வியாசர்பாடிக்காரி. எங்கள் தெருக்கோடியில் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, மூன்றிலிருந்து ஐந்து வயது வரைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். பக்கத்திலேயே காலி மனை. மற்ற மாதங்களில் ஒன்பது மணிக்கே அந்த மணலில் கால் வைக்க முடியாது என்பதால், வெயில் குறையும் இந்தப் பனிக்காலம்தான் அவளுக்குப் பாடக்காலம். மழைத் தண்ணீர் தேங்கிய குட்டையைக் கொட்டாங்கச்சியால் அளப்பது, ஈர மண்ணில் நண்டு போன தடத்தைப் பார்ப்பது, முருங்கை மரத்தில் கட்டிய சேலைத் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று சொல்வது. இதெல்லாம் பாடமாம். சேற்றில் விளையாடப் பள்ளிக்கூடம் எதற்கு, நம் கடை வாசலிலேயே வேண்டிய அளவு சேறு கிடக்கிறதே என்றார் என் வீட்டுக்காரர் ஆண்ட்ரூ. அவருக்குத் தண்டையார்பேட்டையில் பருப்பு மொத்த வியாபாரம். எனக்கும் அவர் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஜெரின் சேறும் சகதியுமாக வந்து, பெரிய குட்டையில் இருபது கொட்டாங்கச்சி, சின்னதில் எட்டு என்று பிழையில்லாமல் சொல்வான். திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியாமல் குளிக்க ஊற்றுவேன்.

பனிக்கு நான் விடுவேனா? குரங்குக் குல்லாய், ஸ்வெட்டர், சாக்ஸ். அதோடு தைலம். இங்கே எல்லா வீட்டிலும் தைலம் உண்டு, நெஞ்சில் தடவி விடுவார்கள். நாகர்கோவில் பக்கத்து எங்கள் குடும்பத்தில் அத்தோடு விடுவதில்லை. நெஞ்சு, முதுகு, உள்ளங்கால், கடைசியாக மூக்குக்குக் கீழே மேலுதட்டில் அழுத்தி ஒரு கோடு. அந்தக் கோடு இல்லாமல் டிசம்பரில் பிள்ளையை வெளியே அனுப்பினால் அது பிள்ளை வளர்ப்பே இல்லை.

ஒருநாள் கூட்டிவரப் போனபோது மதி டீச்சர் என்னை ஓரமாக அழைத்தாள். காலையில் பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொல்வாளாம். மூச்சை இழுத்து, இன்றைக்கு என்ன வாசனை என்று சொல்ல வேண்டும். கடலா, மீனா, டீக்கடையா, மணலியா. கடல் என்றால் வெளியே விளையாட்டு. மேற்கே மணலிப் பக்கத்துக் கம்பெனிப் புகை என்றால் எல்லோரும் ரூமுக்குள்ளே.

"கிருபாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜெரின் நல்லாத்தான் வெளாடுறான். வாசன இன்னான்னு கேட்டா மட்டும் முழிச்சுகினு நிக்கிறான். மூணு வயசுப் பொண்ணு அனிஷாகூட கரீட்டா சொல்லுது."

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை மந்தம் என்கிறாளா? வீட்டுக்கு வரும் வழியில் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்ல, டீச்சர் கேட்டா பதில் சொன்னா என்னல?"

"ஒண்ணும் வரமாட்டேங்கும்மா," என்றான்.

இதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அன்று இரவு குளித்துவிட்டு அப்பாவின் மடியில் ஏறியவன், அவர் கையை முகர்ந்து, எனக்குத் தராமல் கடலைமிட்டாய் தின்னியா என்று சண்டை போட்டான். வீட்டில் இப்படி மோப்பம் பிடிக்கிறவனுக்கு அங்கே மட்டும் என்ன வந்தது? பயமா, வீம்பா, இல்லை நிஜமாகவே ஏதாவது குறையா? டாக்டரிடம் காட்டலாமா, பள்ளியை மாற்றலாமா என்று குழம்பி எனக்குத் தூக்கம் போயிற்று. நாலு வயதில் மந்தம் என்று ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அந்தப் பயம்தான் எனக்கு.

மறுநாள் நானே நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். வழக்கம்போல எல்லாம் தடவி, குல்லாய் மாட்டி விட்டுவிட்டு, மனையின் கேட் ஓரமாக நின்றுகொண்டேன். நல்ல பனி. கிறிஸ்துமஸுக்கு மாடியில் நாங்கள் கட்டிய நட்சத்திரம்கூடத் தெரியவில்லை. பிள்ளைகள் கடல் என்று கத்தினார்கள். ஜெரின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. பிறகு எல்லோரும் குட்டையைச் சுற்றிக் குந்தினார்கள்.

கொஞ்ச நேரத்தில் முருங்கை மரத்துத் துணி திரும்பி, கடல் பக்கமாகப் பறந்தது. அனிஷா தலையைத் தூக்கினாள். டீச்சர் சொல்வதற்கு முன்பே அந்தக் குட்டிப்பெண் சட்டைக் காலரை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து ரூமுக்கு நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் காலரைப் பிடித்தபடி, தள்ளாமல் முட்டாமல் வரிசையாகப் போனார்கள். அப்புறம்தான் எனக்கே அந்த அழுகிய முட்டை நாற்றம் தெரிந்தது. தொண்டை கரித்தது.

மனையில் ஜெரின் மட்டும் இருந்தான். முழுக் குட்டையும் தனக்கே கிடைத்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே தண்ணீர் மொண்டுகொண்டிருந்தான்.

டீச்சர் அவனிடம் வருவதற்குள் நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவன் முகம் என் முகத்தோடு ஒட்டியது. அந்த நாற்றம் அப்படியே காணாமல் போயிற்று. தைலம். தைலம் மட்டும்தான். என் பிள்ளைக்கு டிசம்பர் முழுக்க இந்த உலகமே தைல வாசனையாக இருந்திருக்கிறது.

துப்பட்டாவைக் குட்டையில் நனைத்து அவன் மேலுதட்டை அழுத்தித் துடைத்தேன். வலிக்கும்மா என்று சிணுங்கினான். பிறகு மூச்சை இழுத்தான். புருவம் சுருங்கிற்று.

"அம்மா, மணலி," என்றான். கீழே இறங்கி, காலரை மூக்கில் இழுத்துவிட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து ரூமுக்கு இழுத்துப்போனான்.

"நான் சளின்னு நெனச்சுகினு இருந்தேங்க்கா," என்றாள் மதி டீச்சர். ஜெரின் கரீட்டா சொல்லிட்டான் என்று பிள்ளைகளிடம் அறிவித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே எதற்குத் தட்டுகிறேன் என்று கை தயங்கிற்று.

மனசு தாங்காமல் அங்கிருந்தே கடைக்கு போன் போட்டேன். நம் பிள்ளை மந்தம் இல்லை, எல்லோரும் கைதட்டினார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். ஆண்ட்ரூவுக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் நின்றவர்களிடமும் சத்தமாகச் சொன்னார்.

"அப்படி என்னத்தச் சொன்னான் எம்மவன்?" என்று கேட்டார்.

டீச்சர் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். பிள்ளைகள் காலரை இறக்கிவிட்டு அடுத்த விளையாட்டைத் தொடங்கியிருந்தார்கள். போனில் அவர் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தார். "மணலிப் புகைன்னு சொன்னான்," என்றேன்.