மறுபடியும் முதல்லேருந்து

பகலெல்லாம் இசைப் பள்ளியில் வயலின் சொல்லிக்கொடுத்துப் பழகிய வாய் என்னுடையது. அன்று கச்சேரி மேடையில் நானே ஓர் இடத்தில் பிசகியதும் அது சும்மா இருக்கவில்லை. “நிறுத்து! மறுபடியும் முதல்லேருந்து!” என்று கத்திவிட்டேன்.

எனக்கு உயிரே போய்விட்டது. அதே பள்ளியில் பியானோ சொல்லித்தருபவரும் அன்று எனக்குத் துணையாக வாசித்தவருமான அண்ணியோ முகம் மாறாமல் முதல் வரிக்குத் திரும்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன். முடிந்ததும் ஒரே கைதட்டல்.

“அண்ணி, என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க!”

“நான் எங்க காப்பாத்தினேன்? பத்து வருஷமா பக்கத்து வகுப்புல உக்காந்து உன் கத்தலைக் கேக்கறேன். நடுவுல இருக்கிறது சுவரா, அட்டையா? கை தானா திரும்பிடுச்சு.”

அந்தச் சுவரை இடித்துக் கெட்டியாகக் கட்டச் சொல்லி நான் பள்ளியில் கொடுத்திருந்த மனுவை, மறுநாள் காலை முதல் வேலையாகத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.