பிராக் பாலத்தில் கணவரைத் தொலைத்தல்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஷார்ஜாவில் எங்கள் எதிர் ஃபிளாட் சீதாலட்சுமி, பிராக் நகரைச் சுற்றிவிட்டு வந்த மறுநாள், பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னது. நான் பிராகைப் பார்த்ததில்லை. அதனால்தான், 'வல்தாவா நதியின் மீது பனி மெல்ல' என்று தொடங்கினேன்; பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவர்கள் போனது ஜூலையில். நல்ல வெயிலாம்.

2

அவள் கணவர் விஜயபாஸ்கருக்கு, தொலைவில் பாலைவனக் கரையோரம் இருக்கும் ருவைஸ் எண்ணெய் ஆலையில் வேலை. பதினெட்டு வருஷமாக வார லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வருகிறவர். அடுத்த மாதம் ஷார்ஜாவுக்கே மாற்றல். இனி தினமும் ஒரே வீடு. ஒத்துப்போகுமா என்று சீதாவுக்குப் பயம்.* பிராகில் ஆறு நாள், அதற்கு ஒத்திகை.

(* 'பயம்' நான் போட்டது. அவள் சொன்ன வார்த்தை 'யோசனை'.)

3

அவர் ஆலையில் நடப்பதுபோலவே பிராகிலும் நடந்தார். பத்தடி முன்னால், திரும்பிப் பார்க்காமல். கோட்டை, மணிக்கூண்டு எல்லாவற்றையும் அவர் முதுகோடு சேர்த்துத்தான் பார்த்தாளாம். இரண்டாம் நாள், சார்லஸ் பாலத்துக் கூட்டத்தில், சீதா வேண்டுமென்றே நின்றுவிட்டாள். அவளுடைய போன் அவர் பையில் இருந்தது.

[இங்கே ஒரு பிக்பாக்கெட்டை நுழைக்கலாமா? வேண்டாம். அவனுக்கு வேலையில்லை.]

ஐஸ்கிரீம் வாங்கினாள். சிலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐஸ்கிரீம் தீர்வதற்குள் அவர் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார். சட்டென்று ஒரு சிலைக்குப் பின்னால் ஒதுங்கினாள். படம் வரைகிற ஒருவரிடம் அவர் கையை உயர்த்தி அவள் உயரத்தைக் காட்டினார். போலீஸ்காரரிடம் போட்டோவைக் காட்டினார். சந்து சந்தாக அவர் தேட, அரை மணி நேரம் சீதா பின்னாலேயே போனாள். தன்னை ஒருவர் தேடுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

கடைசியில் அவர் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். எதிரே போய் நின்றாள்.

"எங்க போன?"

"எங்கயும் போகல. உங்க பின்னாலதான் வந்தேன்."

அவர் எழுந்தார். மீதி நாலு நாளும் பக்கத்திலேயே நடந்தார், அவளுக்கே எரிச்சல் வரும் அளவுக்கு மெதுவாக.

4

அந்த அரை மணி நேரத்தை அவரிடம் அவள் சொல்வதாக ஒரு முடிவு எழுதினேன். சொல்லாததாக இன்னொன்று. இரண்டும் பிடிக்கவில்லை. நிஜத்தில் சீதா இன்னும் அவரிடம் சொல்லவில்லை. சிக்கல் என்னவென்றால், விஜயபாஸ்கர் என் கதைகளைத் தவறாமல் படிப்பவர். பெயரையும் ஊரையும் மாற்றிவிடுகிறேன் என்று சீதாவிடம் சொன்னேன்.

"ஒண்ணையும் மாத்தாதீங்கக்கா" என்றாள்.

ஆகவே, விஜயபாஸ்கர், அடுத்த வரி உங்களுடையது.